தழும்பு சின்னதுதான்... மூட்டைக்கு அவசரம் வேண்டாம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து, வீட்டுக்கு வந்ததும் வயலில் இறங்குபவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் உண்டு. அங்கே சரக்கு, இங்கே உர மூட்டை என இரண்டு இடத்திலும் சுமைதான். தொடை இடுக்கில் குடலிறக்கம் வந்து லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டால், பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘மூணு சின்ன ஓட்டைதானே, நவரை நடவுக்கு எழுந்துடலாம்’ என்ற தெம்பும் வந்துவிடுகிறது. சிக்கலே அங்குதான்.

உள்ளே நடப்பது என்ன?

வெளியே தெரியும் வெட்டுகள் அரை முதல் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால், உள்ளே தசை நலிந்த இடத்தை மூட, சுமார் 10-க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள வலை வைக்கப்படுகிறது. உடலின் திசு அந்த வலைக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும். நட்ட நாற்று வேர் பிடிப்பதைப் போலத்தான் இதுவும்.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. 2018-ல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிமுறைகள், சிக்கல் இல்லாதவர்கள் வழக்கமான நடமாட்டத்துக்குச் சீக்கிரமே திரும்பலாம் என்கின்றன. ஆனால், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை வேறு, 45 கிலோ யூரியா மூட்டை தூக்கும் வேலை வேறு. பளு தூக்க 4 முதல் 6 வாரம் பொறுக்கச் சொல்வதே பல மருத்துவர்களின் வழக்கம்.

வாரக் கணக்கு

முதல் வாரம்: அன்றோ மறுநாளோ எழுந்து நடக்க வேண்டும். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் தோள்பட்டை ஓரிரு நாள் வலிக்கலாம், பயம் வேண்டாம். இருமும்போது தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்கலாம்.

இரண்டாம் வாரம்: காயம் காய்ந்திருந்தால் வரப்பில் நடந்து தண்ணீர் பார்க்கலாம். சேற்றில் இறங்க வேண்டாம். வழுக்கினால் வயிறு இழுத்துப் பிடிக்கும். வலியில்லாமல் சட்டென பிரேக் பிடிக்க முடிந்தால்தான் பைக்.

அதன் பிறகு: 16 லிட்டர் கைத்தெளிப்பான், மருந்து நிரப்பினால் கிட்டத்தட்ட 20 கிலோ. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. இரண்டையும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே தூக்க வேண்டும்.

மலச்சிக்கலும் ஒரு சுமைதான். முக்காமல் இருக்க கீரை, பழம், போதுமான தண்ணீர் அவசியம். புகைபிடித்தால் இருமலும் வரும், காயமும் ஆறாது.

பழைய வீக்கம் இருந்த இடத்தில் நீர் கோத்து மறுபடி புடைப்பது உண்டு. ‘திரும்ப வந்துடுச்சு’ எனப் பதற வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளலாம். ஆனால், காய்ச்சல், சீழ், சிறுநீர் பிரியாமை, வாந்தியுடன் வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 108 உண்டு.

கூலி போகுமே?

அவசரப்பட்டு வேலைக்குப் போகவைப்பது பெரும்பாலும் இந்தக் கவலைதான். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்பட்டு, 6 மாத சந்தா காலத்தில் 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். ஊதியத்தில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை. இதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று தேவை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வயல் வேலைக்கு இப்படி உதவித்தொகை இல்லை. அதனால் தேதியைத்தான் யோசித்து வாங்க வேண்டும். வீக்கம் படுத்தால் உள்ளே போகிறது, வலியும் இல்லை என்றால், ஒரு போகம் முடிந்து அடுத்த நடவு தொடங்கும் இடைவெளியில் அறுவை சிகிச்சையை வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தால் மட்டும், நடவு பாதியில் நின்றாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.