யாரு வச்ச பேரு?

டோல்கீனை மாயாஜாலக் கதைக்காரர் என்று ஒதுக்கிவைத்திருந்தவன் நான். ‘மந்திரவாதி, மோதிரம், சண்டை - இதுல நமக்கு என்ன இருக்கு?’ என்கிற எண்ணம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954-55) மூன்றாம் பாகத்தின் கடைசியில், மொழிகளைப் பற்றி ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மனிதர் இவர் என்பது உறைத்தது. இவருக்கு மொழிகள்தான் முதலில். அவை புழங்குவதற்காகவே ஓர் உலகம்.

ஒரு ஜனத்தின் பெயர் இன்னொரு ஜனத்தின் வாய்க்குள் போகும்போது என்ன ஆகிறது? அந்தக் கற்பனை உலகில் இது பலவிதமாக நடக்கிறது.

குள்ளர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ‘கஸாத்’. எல்ஃபுகளின் நாக்கு அதை ‘ஹதோத்’ ஆக்கிக்கொண்டது. அதே எல்ஃபுகள் தாங்களாக வைத்த பெயர் ‘நௌக்ரிம்’, அதாவது வளர்ச்சி குன்றியவர்கள். கேட்டு வாங்கிய பேரு ஒண்ணு, பார்த்து ஒட்டுன பேரு ஒண்ணு. நானே இப்போது ‘குள்ளர்கள்’ என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அதுவும் நௌக்ரிம்தான்.

எல்லாப் பெயர்மாற்றமும் வன்முறை என்று சூத்திரம் போட்டுவிட முடியாது. எல்ஃபு மொழியில் ‘பராந்துயின்’ என்றால் பொன்பழுப்பு ஆறு. ஹாபிட்டுகள் வாயில் அது எல்லைத் தண்ணீர் என்று பொருள்படும் ‘ப்ராண்டா-நீன்’ ஆனது. பிறகு தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, போதையேற்றும் பீர் என்று கேலியாக ‘ப்ரால்டா-ஹீம்’ ஆனது. இதில் யாரும் யாரையும் ஆளவில்லை.

மோரியா விஷயம் வேறு. கஸாத்கள் தங்கள் மலைநகரத்தைக் ‘கஸாத்-தூம்’ என்றார்கள். ‘மோரியா’, கரும்பள்ளம், எல்ஃபுகள் வைத்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பிடிக்காத பெயர். ஆனால் அதுதான் ஊர் முழுக்க வழங்குகிறது. பாலினின் கல்லறையில் ஒரே கல்லில் இரண்டு மொழி: தங்கள் மொழியில் அவன் கஸாத்-தூமின் தலைவன், பொதுமொழியில் மோரியாவின் தலைவன். சொந்தக் கல்லறையிலேயே அடுத்தவன் வைத்த பெயரைச் செதுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாலின் என்பதுகூட வடக்கத்தி மனிதர்களின் மொழியில் வைத்துக்கொண்ட வெளிப்பெயர். உள்பெயரை அவர்கள் எந்த அந்நியரிடமும் சொல்வதில்லை, கல்லறையிலும் எழுதுவதில்லை. இந்த மௌனத்தை நான் எதிர்ப்பாகவே வாசிக்கிறேன்.

காட்டில் வாழும் இன்னொரு ஜனம் தங்களை ‘த்ரூகு’ என்கிறது. எல்ஃபுகள் அதைத் ‘த்ரூ’ என்று எடுத்துக்கொண்டார்கள். பொது எதிரியோடு இவர்கள் உறுதியாக மோதுகிறார்கள் என்று தெரிந்த பிறகே, மனிதர் என்று பொருள்படும் ‘அதான்’ கூடச் சேர்ந்தது. சண்டைக்கு உதவினால்தான் மனுசன்! பின்னாளில் ரோஹான்காரர்களுக்கு இவர்கள் வெறும் காட்டுமனிதர்கள், ‘வோஸ்’. போருக்கு வழிகாட்டும் கான்-புரி-கான் பதிலுக்குக் கேட்பது பொன்னல்ல. இனி எங்களை மிருகம்போல வேட்டையாடாதீர்கள் என்பதுதான். பெயருக்கும் வேட்டைக்கும் உள்ள தொடர்பு இங்கே அம்பலமாகிறது.

இவ்வளவு நுட்பம் தெரிந்தவரின் பிரதியிலும் ஓட்டை உண்டு. ‘ஹராத்’ என்றால் தெற்கு. கொண்டோரில் நின்று பார்த்தால்தான் அது தெற்கு. அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் மண்ணை எப்படி அழைத்தார்கள் என்பதற்கு அந்த நாவலில் இடமில்லை. ரகசியப் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை கஸாத்களுக்கு உண்டு. தெற்கத்தியானுக்குத் திசை மட்டும்தான்.

என் கதை ஒன்று பாதியில் கிடக்கிறது. அதில் மலைமேல் வாழும் ஒரு ஜனத்துக்கு ‘மேலாட்கள்’ என்று பெயர் வைத்திருந்தேன். அடிவாரத்தில் உட்கார்ந்து வைத்த பெயர். போன வாரம் அதை அடித்துவிட்டேன். அவங்க தங்களை என்னன்னு சொல்லிக்குவாங்க? அவர்கள் பேசும் மொழியை நான் இன்னும் யோசிக்கவே இல்லை. அது தெரியும்வரை கதை நகராது.