முகத்துக்கு ஒரு பெயர்



நம் வீட்டுப் பெட்டிகளில் என்னென்ன படங்கள் இருக்கின்றன? கல்யாணப் படம் இருக்கும். அடையாளக் கார்டுக்கு எடுத்த படம் இருக்கும். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்வாளியோடு நிரையில் நடந்த பாட்டியின் படம் பெரும்பாலும் இருக்காது.

ஸ்டூடியோவில் நாம் நல்ல உடை உடுத்தித் திரைக்கு முன்னால் நிற்கிறோம். ஆவணப் புகைப்படக்காரரோ நாம் இருக்கும் இடத்துக்கே வருகிறார். உழைக்கும் கோலத்திலேயே நம் முகத்தைப் படமாக்குகிறார். நம் பெயரையும் வாழ்க்கையையும் கேட்டு எழுதுகிறார். இதுவும் ஒரு தொழில்தான்.

இத்தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த லூயிஸ் ஹைன். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படமெடுத்தார். பெயர், வயது, வேலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். சிறுவர்களின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களை அடையாளமாக வைத்து அளந்தார். சிறுவர் உழைப்பைத் தடுக்கச் சட்டம் கேட்டவர்களுக்கு அப்படங்கள் சான்றாயின.

நம் காலத்தில், நம் மொழிக்காரர் ஒருவரைச் சொல்வோம். மதுரை மாவட்டம் ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த பழனிக்குமார், மீன் விற்ற தாயின் பிள்ளை. பொறியியல் படித்தும், அவர் மனம் கேமராவை நாடியது. தமிழ்நாட்டுத் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே.

மனிதரைக் கொண்டு மலம் அள்ளச் செய்வதை இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. ஆயினும் கழிவுத் தொட்டிகளில் இறங்கியவர்கள் மாண்டுகொண்டே இருந்தார்கள். செய்தித்தாளில் அவர்கள் ஓர் எண்ணிக்கை. பழனிக்குமாரின் படங்களிலோ அவர்கள் விட்டுச் சென்ற மனைவியும் குழந்தைகளும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள்.

பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி என்னும் கிராமப்புற மக்கள் ஆவணக் காப்பகத்தில் அவர் புகைப்படக் கலைஞரானார். 2022-இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. தம் தாயின் உழைப்பையும் அவர் படங்களாக்கினார்.

இத்தொழிலில் கேமராவைவிடப் பழக்கமே பெரிய மூலதனம். அனுமதி கேட்க வேண்டும். பலமுறை போக வேண்டும். துக்க வீட்டில் எப்போது கேமராவைக் கீழே வைப்பது என்றும் தெரிய வேண்டும். நிலையான சம்பளம் சிலருக்கே உண்டு. பத்திரிகை வேலை, நிதியுதவி, வகுப்பு நடத்துதல் எனப் பலவற்றைச் சேர்த்தே மற்றவர்கள் பிழைக்கிறார்கள்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நமக்கு இச்செய்தி எதற்கு? பால்மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது; பல லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. பழைய தோட்டப் படங்களில் நம் முன்னோர் வெறும் 'தொழிலாளர்கள்' என்றே நிற்கிறார்கள். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

ஆகையால், இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறப்போம். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர், தோட்டம், வேலை, ஆண்டு ஆகியவற்றை எழுதுவோம். பால் வெட்டிய தாத்தா இன்னும் இருந்தால், அவர் சம்மதம் கேட்டு, பேரப்பிள்ளை கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்கட்டும். எடுத்ததும் அவர் எந்த நிரையில் வெட்டினார் என்று கேட்டு எழுதட்டும்.