பாத்தேக் துணியில் நாட்டின் முத்திரை

வியாழக்கிழமை காலையில் சுங்கை பினாங் பக்கம் போனால், அரசு ஊழியர்கள் பாத்தேக் சட்டையில் வேலைக்குக் கிளம்புவதைப் பார்க்கலாம். அன்று பாத்தேக் அணிய வேண்டும் என்பது அரசு ஏற்பாடு. உள்ளூரில் வாங்க ஆள் இருந்தால்தான் தொழில் பிழைக்கும். ஆனால் மலேசியாவின் கண் வெளிநாட்டுச் சந்தை மேலும் இருக்கிறது. பாத்தேக்கை உலகுக்குக் கொண்டுபோகும் இயக்கம் ஒன்று 2003இல் தொடங்கியது. அதை முன்நின்று நடத்தியவர் எண்டோன் மஹ்மூட். அவருடைய கணவர், பினாங்கின் கப்பளா பத்தாஸைச் சேர்ந்த அப்துல்லா அகமது படாவி, அதே ஆண்டில் பிரதமரானார்.

வெளிநாட்டுச் சந்தையில் சாதாரணச் சட்டை விலையில் மட்டுமே போட்டி போட முடியும். மலிவாகத் தைக்கும் நாடு எங்காவது இருக்கும். பாரம்பரியம் சேர்ந்த துணிக்கோ, வாங்குபவர் கைவேலைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். பாத்தேக்கில், சாந்திங் எனும் மெழுகுப் பேனாவால் கோடு இழுத்து, தூரிகையால் சாயம் தீட்டி, பிறகு கொதிநீரில் மெழுகை உருக்கி எடுக்கும் உழைப்பு அது.

சிக்கல் என்னவென்றால், பாத்தேக் ஓர் ஊரின் பெயரல்ல, ஒரு செய்முறையின் பெயர். சரவாக் மிளகைப் புவிசார் குறியீடாகப் பதிந்ததுபோல இதற்கு ஒரு நாடு தனக்கென்று வேலி கட்டிக்கொள்ள முடியாது. 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தோனேசிய பாத்தேக்கைச் சேர்த்தது. கும்பகோணம் பக்கத்துக் கோடாலிக்கருப்பூரிலும் ஒருகாலத்தில் மெழுகு தடவிச் சாயமேற்றி, தஞ்சை அரண்மனைக்குச் சேலை தயாரித்தார்கள்.

பெயரைப் பூட்ட முடியாவிட்டாலும் தரத்துக்கு முத்திரை குத்தலாம். இலங்கைத் தேயிலை வாரியத்தின் சிங்கச் சின்னம் அப்படிப்பட்டது. முழுக்க இலங்கையில் விளைந்து, அங்கேயே பொட்டலமிட்ட தேயிலைக்கு மட்டுமே அது கிடைக்கும். உலகெங்கும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அந்தக் கொழுந்தைப் பறிக்கும் மலையகத் தமிழர்கள் 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அதைப் பெற்றார்கள். முத்திரையின் மதிப்பு உழைத்த கைக்குப் போய்ச்சேராத இந்த ஏற்பாட்டை நான் வெற்றி என்று சொல்லமாட்டேன். பாத்தேக்கை ஏற்றுமதி செய்வோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த ஆபத்து இயந்திர அச்சு. பாத்தேக் கோலத்தை மட்டும் ஆலையில் அச்சிட்டு, அதே பெயரில் விற்கிறார்கள். இந்தோனேசியா 2007இல் கொண்டுவந்த பாத்தேக் முத்திரை, கையால் வரைந்தது, அச்சுக்கட்டையால் ஒற்றியது, இரண்டும் கலந்தது என மூன்றையும் வெவ்வேறு நிறத்தில் பிரித்துக் காட்டுகிறது. வாங்குபவருக்கு இதைவிடத் தெளிவான உத்தரவாதம் இல்லை. வரைந்தவருக்கு உரிய கூலியைக் கேட்கவும் அது வழிசெய்யும்.

பினாங்கின் லிட்டில் இந்தியாவிலோ தெலுக் பஹாங்கிலோ பாத்தேக் வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகிட்டுச் சாயமேற்றிய துணியில் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அச்சுத் துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். சாந்திங்கா, அச்சுக்கட்டையா, ஆலை அச்சா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.