கொத்தனார் கையும் குரோமியமும்

காலை முதல் அந்தி வரை ஈரச் சிமெண்டுக் கலவையில் புழங்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் விரலிடுக்குகளில் தோல் சிவந்து, தடித்து, வெடித்து, ஓயாத நமைச்சல் உண்டாகுமாயின், அதற்குச் சிமெண்டின் காரம் மட்டுமே காரணமன்று. அதில் சொற்பமாகக் கலந்திருக்கும் ஆறு இணைதிறக் குரோமியம் தோலினுள் புகுந்து, தேகத்தின் புரதங்களோடு பிணைந்து, நோயெதிர்ப்பு அணுக்களுக்குச் சத்துருவாகத் தோன்றிவிட்டால், பிறகு அற்பமாகத் தீண்டினும் அவ்விரோதம் மீண்டும் கிளம்பும். பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீங்காது.

இத்தகைய ரசாயனங்களை, உழைப்பாளியின் கையை அவை சேருமுன்பே இனங்காணும் பொருட்டு, விஞ்ஞானிகள் முதலில் கினிப்பன்றிகளையும், பின்னர் சுண்டெலிகளையும் நாடினர். சுண்டெலியின் காதில் தொடர்ந்து மூன்று நாள் பொருளைத் தடவி, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் அணுப்பெருக்கம் மும்மடங்காயிற்றா என்று பார்ப்பது அம்முறை. இன்றோ ஜீவஹிம்சையின்றியே, சிஸ்டீன், லைசீன் ஆகிய அமினோ அமிலங்கள் அடங்கிய புரதத் துணுக்குகளோடு பொருளை 24 மணி நேரம் சேர்த்து வைத்து, எத்தனை துணுக்குகள் அதனோடு பிணைந்துபோயின என்று கண்ணாடிக் குப்பியிலேயே அளக்கிறார்கள். உலோகங்களுக்கு இது பொருந்தாதாகையாலும், ஒரு சோதனை மட்டும் தீர்ப்பாகாதாகையாலும், வளர்ப்பு அணுக்களில் செய்யும் சோதனைகளையும் இதனோடு கூட்டி நிர்ணயிக்கிறார்கள்.

அறிந்ததோடு அமையாமல் ஆவன செய்தலே அறிவின் பிரயோஜனம். சிமெண்டில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து, அதிலுள்ள ஆறு இணைதிறக் குரோமியத்தைத் தீங்கு குறைந்த வடிவாக மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்டில் இக்குரோமியத்துக்குப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்று வரம்பு விதித்திருக்கிறது. நம் வீடுகளை எழுப்பும் கைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உரியதே.