கட்டளை வரியில் உரைக்கோப்புத் துப்புரவு

கட்டளை வரியில் உரைக்கோப்புத் துப்புரவு என்பது, உரைக்கோப்பு ஒன்றில் உள்ள தேவையற்ற குறிகள், வெற்று வரிகள், மீள வரும் வரிகள் முதலியவற்றைச் சிறு நிரல்களின் துணையுடன் நீக்கும் செயற்பாடு ஆகும். இதற்குப் பயன்படும் கருவிகள் பல 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் இயக்குதளத்துக்காக உருவாக்கப்பட்டவை. வரிகளைத் தேடும் கிரெப்பைக் கென் தாம்சனும், உரையை வரி வரியாகப் படித்துத் திருத்தும் செட்டை லீ மக்மேகனும் எழுதினர். 1973இல் குழாய் என்னும் வசதி சேர்ந்தது. அதன் பின் ஒரு நிரலின் வெளியீட்டை நேரே அடுத்த நிரலுக்கு உள்ளீடாகக் கொடுக்க முடிந்தது.

வரி முடிவுகள்

அடிக்கடி எதிர்ப்படும் குப்பை கண்ணுக்குத் தெரியாதது. யுனிக்ஸ் வகைத் தளங்களில் ஒரு வரி 10 என்னும் எண்ணுடைய குறியால் முடியும். விண்டோசில் அதற்கு முன் 13ஆம் குறியும் வரும். தொலை அச்சுப் பொறிகளில் அச்சு முனையை வரித் தொடக்கத்துக்கு மீட்கவும், தாளை ஒரு வரி நகர்த்தவும் இருந்த இரு தனிக் கட்டளைகளின் எச்சம் இது. விண்டோசில் உருவான கோப்பில் வரியின் இறுதிச் சொல்லை அதே இடத்தில் தேடுமாறு பணித்தால், சொல் திரையில் தெரிந்தும் கிரெப் எதையும் காட்டாதிருப்பது இதனாலேயே. டிஆர் என்னும் கருவி 13ஆம் குறியைத் தீங்கின்றி நீக்கிவிடும்.

தமிழ் உரை

அதே டிஆர் தமிழ் எழுத்துகளுக்கு ஆபத்தானது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; அவை எல்லாவற்றுக்கும் முதற் பைட்டு ஒன்றே. லினக்சில் பரவலாக உள்ள குனூ டிஆர் நெடுங்காலமாகத் தனித்தனிப் பைட்டுகளையே கையாண்டு வந்துள்ளது. துணைக்காலை மட்டும் நீக்குமாறு அதைப் பணித்தால், அந்த 3 பைட்டுகளையும் கோப்பு முழுவதிலும் தேடி அழிக்கும். தமிழ் உரை முழுதும் சிதையும். ஆங்கில வரிகள் அப்படியே நிற்பதால் இழப்பு உடனே தெரியாமலும் போகலாம். இத்தகைய பணிக்குச் செட் ஏற்றது.

மீள வரும் வரிகளை யூனிக் நீக்கும். ஆனால் அடுத்தடுத்து உள்ளவற்றை மட்டுமே அது ஒப்பிடுவதால், முதலில் சார்ட்டால் வரிசைப்படுத்த வேண்டும். இதிலும் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறியில் 'கொ' என்பதன் ஒகரக் குறியைத் தனிக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே, யூனிக்குக்கோ வெவ்வேறு. எனவே ஒப்பிடுமுன் அனைத்தையும் ஒரே வடிவுக்கு மாற்ற வேண்டும்.

மூலக்கோப்பு

வெளியீட்டை மூலக்கோப்பின் பெயருக்கே திருப்பிவிடுவது புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. நிரல் தொடங்குமுன்பே கட்டளை ஓடு அக்கோப்பை வெறுமையாக்கிவிடும்; பின்னர் படிக்க எதுவும் இராது. வேறு பெயரில் சேமித்து, இரு கோப்புகளையும் டிஃப் கருவியால் ஒப்பிட்ட பிறகே பழையதை நீக்குவது வழக்கம்.