ஒகேனக்கல் தண்ணீர் போய்ச் சேரும் காடு

பென்னாகரத்துக்காரனான எனக்குக் காவிரி என்றால் ஒகேனக்கல் பாறையும் பரிசலும் மீன் வறுவலும்தான். அதே ஆறு மேட்டூர் தாண்டி, கொள்ளிடமாகப் பிரிந்து, சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் ஓர் அலையாத்திக் காட்டுக்குப் பால் வார்க்கிறது என்பது அங்கே படகேறிய பிறகுதான் உறைத்தது. அலையாத்திக்குக் கடலின் உப்பு மட்டும் போதாது. ஆற்றின் நல்ல தண்ணீரும் வேண்டும்.

பிரிட்டிஷார் காலம் தொட்டு 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து பள்ளமானது. புகுந்த கடல்நீர் வெளியேறாமல் தேங்கி, உப்பேறி, விதை விழுந்தாலும் முளைக்காத தரையானது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரோடு சேர்ந்து மண்வெட்டியைத்தான் முதலில் எடுத்தார்கள். மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழிவிட்டு, கரையில் வெண்கண்டல் நட்டார்கள். நடுவதை மட்டும் படம் பிடித்துப் போடுகிறவர்கள் இந்த வாய்க்காலைக் கவனிக்க வேண்டும்.

உதிர்ந்த இலை மக்கி இறால் குஞ்சுக்கு இரையாகிறது. வேர்ச்சிக்கலுக்குள் பெரிய மீன் நுழைய முடியாது. இங்குள்ள இருளர்கள் இடுப்பளவு நீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். பரிசலில் வலை வீசுவதையே பார்த்து வளர்ந்த எனக்கு அது வித்தையாக இருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலிலிருந்து தள்ளியிருந்ததும் ஒரு காரணம் என்று வாதிடுவோர் உண்டு, இருக்கட்டும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இந்தக் காட்டு மரம்தான். படகுக்காரர் காட்டினார்: பால் கண்ணில் பட்டால் ஆபத்தாம். எட்ட நின்றே பார்த்துக்கொண்டேன்.