இரும்புக்கு இதயம் தந்த குருவானவர்

இரவின் அமைதியில், மேட்டில் ஏறும் புகைவண்டியின் ஓசையைக் கேட்டிருக்கிறீர்களா? இங்கிலாந்தின் பாக்ஸ் என்னும் சிற்றூரில், படுக்கையில் கிடந்த சிறுவன் ஒருவனுக்கு அவ்வோசை உரையாடலாகவே கேட்டது. பாரம் இழுக்கும் எஞ்சின் இயலாமல் புலம்ப, பின்னின்று தள்ளும் எஞ்சின் அதைத் தேற்றுவதாக அவன் எண்ணினான். அச்சிறுவனே பின்னாளில் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவரான வில்பர்ட் ஆட்ரி (1911–1997).

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருடைய மகன் கிறிஸ்டபர் தட்டம்மையால் வாடினான். அவனை மகிழ்விக்கத் தந்தை எஞ்சின் கதைகள் சொன்னார். துணைவியார் மார்கரெட்டின் தூண்டுதலால் 1945-இல் முதல் நூல் வெளிவந்தது; மறு ஆண்டில் தாமஸ் என்னும் சிறு எஞ்சின் தோன்றியது.

இவை வெறுங்கற்பனைகள் அல்ல. 1913 முதல் 1916 வரை பிரைட்டன் தொழிற்சாலை பத்து எஞ்சின்களை உருவாக்கியது. தாமசின் தோற்றம் அவற்றைப் பின்பற்றியதே. ஆனால் 1963-க்குள் அப்பத்தும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன, ஒன்றேனும் மிஞ்சவில்லை.

வேல்ஸ் நாட்டின் டாலிலின் இரயில்பாதைக்கும் அதே முடிவு காத்திருந்தது. 1951-இல் தன்னார்வத் தொண்டர்கள் அதனை ஏற்றபோது, 1866-இல் செய்யப்பட்ட டால்கோக் என்னும் ஒரே எஞ்சினே ஓடும் நிலையில் இருந்தது. அந்த முதிய எஞ்சின் தளர்ந்தும் சோராது உழைத்தது, பாதையும் பிழைத்தது. ஆட்ரியும் அங்கே கார்டாகத் தொண்டு செய்தார். ஒருமுறை சிற்றுண்டி விற்கும் பெண்மணியை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்! அப்பிழையை மறைக்காமல் கதையாகவே எழுதினார். டால்கோக்கும் அவர் கதைகளில் ரீனியாஸ் என்னும் பெயரில் வாழ்வு பெற்றது.

அவர் படைத்த எஞ்சின்கள் செருக்குறும், பொறாமைப்படும், தடம் புரளும். அவற்றுக்குத் தண்டனையும் உண்டு. ஆனால் மனம் வருந்தியபின் மீண்டும் பணி கிடைக்கும். ஊதாரி மைந்தனுக்குக் கதவைத் திறந்த தந்தையை நாம் நற்செய்தியில் கண்டிருக்கிறோமன்றோ?

அன்பர்களே! தவறிய பிள்ளையை, தளர்ந்த பெற்றோரை, பயனற்றவர் என நம் இல்லத்தின் மூலையில் ஒதுக்கியிருக்கிறோமா? இன்றே அவர்களருகில் சற்று அமர்வோம். பழைய இரும்புக்கே மறுவாழ்வு கிடைக்குமாயின், இறைவனின் சாயலாய்ப் படைக்கப்பட்ட மனிதனுக்குக் கிடைக்கலாகாதா?